கடைமடைக் கட்டை

வீரசோழன் ஷட்டரில் நான் லஸ்கர்.
பொறையாறு பாக்கியநாதன் சார் மகள் சாலோமி
முதன்முதலாய் என்னிடம் கேட்டது கிரீஸ்.
பியானோவின் மிதிகட்டை கிறீச்சிடுகிறதாம்.
அரை டப்பா கொடுத்தேன். அரசாங்கச் சொத்து.

அப்போது அவருக்கு ஐம்பத்தொன்று.
அதற்கு முந்தியதெல்லாம்
கிரீஸ் வாங்க வரும்போது துண்டு துண்டாய்ச் சொன்னது:
பதினாறில் சென்னை. லண்டன் பரீட்சைக்காரர்
ஒருமுறைகூட நிமிராமல் மார்க் போட்டது.
பம்பாயில் நடன வகுப்புக்கு வாசித்து வாடகை கட்டியது.
இரண்டு வருடம் கப்பலில்.
"சூப் ஆறும்வரை வாசிப்பேன் தைலப்பன்,
ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்,
நிறையக் கற்றுக்கொண்டேன்."
பெர்லினில் ஒரு மேடை, பத்திரிகையில் நாலு வரி,
அதில் பெயர் தப்பு.
கல்யாணம் ஒன்று. அதைப் பற்றிப் பேச்சில்லை.
பிறகு ஒரு நாள் கச்சேரி நடுவில்
வலது கையின் கடைசி இரண்டு விரல்
உள்ளே சுருண்டுகொண்டன.
வலியில்லை, வீக்கமில்லை,
டாக்டர்கள் ஆறு பேர்.
"மேலே யாரோ மதகை அடைத்துவிட்டார்கள்" என்றார்.
எங்கள் பாஷை அவருக்கு வந்திருந்தது.

அந்த வருடம் மேட்டூர் ஜூனில் திறக்கவில்லை,
ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
செப்டம்பரில் திறந்து முறை வைத்தார்கள்:
ஆறு நாள் விடுவது, ஆறு நாள் அடைப்பது.
"உங்கள் நோட்டைக் காட்டுங்களேன்" என்றார்.

காலை ஆறு, மாலை ஆறு,
எத்தனை கன அடி, எத்தனை சுற்று, கையெழுத்து.
அதில் படிக்க என்ன இருக்கிறது?
வாங்கிக்கொண்டு போனவர்
மார்கழியில் கூப்பிட்டு அனுப்பினார்.

இடது கை ஓடியது. ஆறு எண்ணி நின்றது.
நிற்கும்போதும் அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.
மறுபடி ஓடியது.
நன்றாயிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.
கணக்குத் தப்பு என்று தெரிந்தது.

அம்மா, இப்படி ஒரே அளவாய் வராது, என்றேன்.
கல்லணையில் பிரியும், கும்பகோணம் குடிக்கும்,
ராத்திரியில் எவனோ பலகை போட்டுத் திருப்புவான்.
எங்களுக்கு முதலில் வருவது பேச்சு,
பிறகு நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு,
அப்புறம் தண்ணீர், வந்தால்.

பதில் இல்லை. காபியும் இல்லை.
நாற்பது பக்கத்தை அடித்ததாய்
வேலைக்காரப் பெண் சொன்னாள்.

மாசியில் மறுபடி போனேன்.
இந்தத் தடவை இடது கோடியில் தடதடவென்று கிளம்பி
வலப்பக்கம் வர வர ஒவ்வொரு சுரமாய் இழந்து,
எங்கேயோ இரண்டாய்ப் பிரிந்து,
ஒன்று காணாமல் போய்,
மிச்சம் மூன்று விரலில் சொட்டிச் சொட்டி
எண்பத்தெட்டாவது கட்டைக்கு வந்தது.
அங்கே உப்புக்காற்றில் கம்பி போய் வருடக்கணக்காகிறது.
டொக்.
மரம் தட்டும் சத்தம் மட்டும்.

ஆள் வரவழைத்துக் கம்பி மாட்டலாமே, என்றேன்.
"மாட்டினால் தண்ணீர் வந்துவிடுமே."

ஜெர்மனியில் அதை வாசித்தது வேறொரு பையன்.
பத்து விரலும் உள்ளவன்.
எட்டால் வாசி என்று எழுதியிருந்தாராம்.
அங்கே கடைசிக் கட்டையும் மணிபோல் ஒலிக்குமாம்,
அதனால் கம்பிக்கிடையில் கைக்குட்டை.
நிகழ்ச்சித் தாளில், கீழே, சின்ன எழுத்தில்:
நீர்க்கணக்கு, தைலப்பன், லஸ்கர்.

இங்கே எனக்கு மெமோ வந்தது.
அளவு நோட்டு எங்கே?
பாட்டுக்குக் கொடுத்தேன் என்று எழுதினேன்.
ஒரு இன்கிரிமென்ட் போயிற்று.

இந்த வருடம் முறையெல்லாம் கிடையாது.
கரை தளும்ப வருகிறது, ஷட்டர் அதிர்கிறது.
போய்ச் சொன்னேன், அம்மா, கேட்கிறதா என்று.
ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.
"இதற்கு என்னிடம் விரல் போதாது" என்று
கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் திரும்பி வந்து
இன்னும் நாலு சுற்று தூக்கினேன்.