காசு மட்டும்

மழை வந்தால் தார்ப்பாய் வயிறு தள்ளும்.
துடைப்பக் கட்டையால் குத்திவிடுவது ஒடெல்.
தண்ணீர் யார் தலையில் கொட்டுகிறதோ
அவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.
பெரும்பாலும் நான்.

லண்டனில், கால்வாய் மதகுக்குப் பின்னால்,
படகிழுத்த குதிரைகள் ஒரு காலத்தில் நின்ற லாயம்.
நான் பேட்ஜ் விற்றேன், ஒன்று இருபது பென்ஸ்,
ஆறு எடுத்தால் ஒரு பவுண்டு.
ஒடெலிடம் யாரோ நடந்து தேய்த்த பூட்ஸ்கள்.
எதிரே மார்வென்னாவின் கோட்டுகள்.
அவற்றுக்குள் தூங்கும் பூனை
இரண்டு முறை தவறி விலைபோயிருக்கிறது.

வெள்ளி மாலைகளில் பள்ளி டையோடு ஒரு பையன் வருவான்.
கோட்டுகளுக்குள் நுழைந்து
கண்ணுக்கு மை தீட்டி மறுபக்கம் வெளியே வருவான்.
எதுவும் வாங்கமாட்டான். நடப்பான், அவ்வளவுதான்.
ஏழு மணிக்கு, எண்ணெய் தொட்ட பஞ்சை
மார்வென்னா பேசாமல் நீட்டுவாள்.
பெயர் கேட்டதில்லை நாங்கள்.

பிறகு படங்களோடு வந்தார்கள்.
படத்து மனிதர்கள் பாதி கண்ணாடி,
அவர்களுக்குப் பின்னால் தொட்டிச் செடி தெரிந்தது.
என் கடை இருந்த இடத்தில்
ஒரு பெண் பலூனோடு போய்க்கொண்டிருந்தாள்.
ஒருவருக்கும் நிழல் இல்லை.
"இந்த இடத்தின் குணம் மாறாது" என்றார் கிறிஸ்பின்.
குணம் பதினாலாம் பக்கத்தில் இருந்தது.

என் பலகையைக் கேட்டார்.
"காசு மட்டும்" என்று நானே பெயிண்டில் எழுதியது,
இடம் போதாமல்
கடைசி எழுத்து கீழே தொங்கும்.
நாற்பது பவுண்டு என்றார்.
பேசிப் பேசி அறுபதுக்குக் கொடுத்தேன்.
அன்றைக்கு அதுதான் போணி.

ஒடெலின் மாடிப்படிக்கடியில் இப்போது எண்பது ஜோடி பூட்ஸ்,
ஒவ்வொன்றாகப் படமெடுத்துத் தபாலில் அனுப்புகிறார்.
மார்வென்னா மகளோடு கடலோரம் போய்விட்டாள்.
பூனை போக மறுத்தது என்று கேள்வி.

போன வாரம்தான் உள்ளே போனேன்.
கண்ணாடிக் கூரை.
மழை பெய்வது தெரிகிறது, கேட்கவில்லை.
காபிக் கடைச் சுவரில் என் பலகை,
சட்டமிட்டு, அதற்கென்று ஒரு குட்டி விளக்கு.
பித்தளைத் தகட்டில்: "பெயர் அறியாத வியாபாரி."
நான் கையெழுத்துப் போட்ட ரசீது
அவர்களிடம்தான் இருக்கிறது.

நான்கு பவுண்டு எண்பது. சில்லறையாக எண்ணி வைத்தேன்.
கல்லாவில் இருந்த பெண் நல்லவள், நெளிந்தாள்.
"இங்கே கார்டு மட்டும்தான்."
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
அவளும் திரும்பினாள்,
இத்தனை நாளும் தன் தலைக்கு மேல் இருந்ததை
அப்போதுதான் படித்தவள் போல.
வாய்விட்டுச் சிரித்தோம், இரண்டு பேரும்.
தன் கார்டைத் தட்டினாள்.
சில்லறையை அவள் ஏப்ரன் பையில் கொட்டினேன்,
கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது.

அந்தப் பையன் இப்போது
எங்கே மை தீட்டுகிறானோ.
கேட்டிருக்கலாம் பெயரை.

வெளியே வந்தேன்.
மழை நேராக என் தலையில்.
சரி, டீ என் செலவு.
எத்தனை கப்?