ஞாயிறன்று பார்க்கலாம்

எண்ணூறு குதிரைத்திறன் எஞ்சினை
நடுக்கடலில் பிரித்துக் கோத்தவள் நான்.
இதற்கு ஒரு கையின் திறன் போதும்.
அசைய மாட்டேன் என்கிறது.

குப்பைக்கிடங்கில், வேண்டியவர் எடுத்துப்போகும் அலமாரியில்,
பனிச்சறுக்குக் காலணிகளுக்கும்
விரிசல் விட்ட மீன்தொட்டிக்கும் நடுவே கிடந்தது.
கறுப்பு உடம்பு. அடித்தட்டில் பொன்னிறக் கொடி,
யாரோ துணி தள்ளித் தள்ளி
ஒரு பக்கம் மட்டும் இலையில்லாமல்.
"கல்லாகிவிட்டது, நங்கூரத்துக்கு ஆகும்"
என்றார் கிடங்குக்காரர் கூட்லெய்வுர்.
நங்கூரம் என்னிடம் இருக்கிறது என்றேன்.

படகு கரையேறிப் பழுதுபார்க்கக் கிடக்கும் டிசம்பர்.
ஐஸ்லாந்தின் இந்த மேற்குக் கோடியில்
மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் தெருவுக்கு வரும்.
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.
எண்ணெய் இறுகி அரக்காகியிருந்தது.
மண்ணெண்ணெய் ஒரு சொட்டு,
முடி உலர்த்தியின் சூடு,
மறுபடி ஒரு சொட்டு,
பிறகு காத்திருப்பு.
அவசரப்பட்டு முறுக்கினால் முறிந்துவிடும்.
ஐனாரிடம் இதை மறந்திருக்கிறேன்.

பல்வரிசைக்கு அடியில் கெட்டித்துக் கிடந்த பஞ்சைச்
சாமணத்தால் உருவினேன்.
சாம்பல் கம்பளி, நீலக் கம்பளி,
நடுவில் ஒரு மீன் செதில்.
இந்த ஊர்தான்.

ஒன்பதாம் நாள் சக்கரம் சுற்றியது.
ஊசி அசையவில்லை.
அது தன்பாட்டுக்கு, இது தன்பாட்டுக்கு,
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்போல.
கடலில் மட்டும் சொல்லும் வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு
விளக்கை அணைத்தேன். உறக்கம் வரவில்லை.
எழுந்துபோய் அடிப்பலகையைக் கவிழ்த்தேன்.

பென்சிலில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்து:
"சுற்றுகிறது, தைக்கவில்லை. ஞாயிறன்று பார்க்கலாம்."

எந்த ஞாயிறு?
ஆண்டு இல்லை, பெயர் இல்லை.
எங்கள் மொழியிலும் அந்தக் கிழமை சூரியனுக்குத்தான் சொந்தம்.
இந்த ஊரில் ஞாயிறு வர
இரண்டு மாதம்கூட ஆகும்.
அறுபது வருடமும்.

சக்கரத்தின் நடுத்திருகை மறுபடி கழற்றினேன்.
உள்ளே காசளவு ஒரு வளையம்,
அதன் உள்விளிம்பில் இரண்டு காதுகள்.
அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டேன்.
இறுக்கினேன்.
ஊசி இறங்கியது.

அவ்வளவுதான்.
அந்தக் கை கழற்றித் துடைத்து
மாற்றிப் போட்டிருக்கிறது.
நானும் கழற்றித் துடைத்து, மிகுந்த கவனத்தோடு
இருந்தபடியே தப்பாகப் போட்டிருக்கிறேன்.

எனக்குத் தைக்கத் தெரியாது.
நூல் கோக்காமல் செய்தித்தாளையே ஓட்டினேன்.
கிழித்துவிடும் என்று நினைத்தேன்; கிழிக்கவில்லை.
மீன் ஏல விலைகளின் குறுக்கே
முதலில் கோணலாக, பிறகு நேராகத் துளைகள்.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
காலை பத்து மணி, வெளியே கறுப்பு.
விளக்குப் பக்கம் திருப்பினேன்.
காட் மீன், கிலோ இவ்வளவு என்பதற்கு நடுவே
பொட்டுப் பொட்டாய் வெளிச்சம்.

இன்று புதன்.
மதியம் கடை திறந்ததும் நூல் வாங்க வேண்டும்.
என்ன நிறம் என்று கேட்பார்கள்.
அதை நான் யோசிக்கவே இல்லை.