வாடகைக் குளிர்

செருப்பு ஆர்க்கிட் என்று பெயர் சொன்னேன்.
"அப்போ அது வாசலோடு நிக்கட்டும்" என்றார் மாசிலாமணி.
அப்படித்தான் அது
ஈசூன் பதினோராம் மாடித் தாழ்வாரத்தில்,
காலணி அலமாரியின் மேல்தட்டில்,
அவருடைய பூட்ஸுக்கும்
மகளின் வெள்ளைப் பள்ளிக் காலணிக்கும் நடுவே
குடியேறியது.

மழைமரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு
காற்றைத் தின்று வாழ்கிற
இந்த ஊர்க் கூட்டத்தோடு அதற்கு உறவில்லை.
பனிக்கடியில் உறங்கிப் பழகிய வம்சம்.
வருடத்தில் மூன்று மாதம்
ஐந்து டிகிரிக்குக் கீழே கிடக்காவிட்டால்
அடுத்த வருடம் கிடையாது.
கூடவே வந்த தாளில் அச்சடித்திருந்தது:
கடுங்குளிர் தாங்கும்.
வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஈசூனில் ஏது குளிர்காலம்?
டிசம்பரில் மழை உண்டு.
நாலு நாள் காயாத துணி உண்டு.
மிஞ்சிப்போனால் ஒரு போர்வை.

முதல் வருடம் ஃப்ரிட்ஜில் வைத்தேன்,
கறிவேப்பிலைக்கும் தோசைமாவுக்கும் பக்கத்தில்.
கதவு திறக்கும்போதெல்லாம் அதற்கு ஒரு சித்திரை.
தீபாவளிக்கு வந்த நாத்தனார் கிழங்கை எடுத்து
ஒரு விரல் நீளம் நறுக்கி முகர்ந்துவிட்டு,
"உங்க ஊர் இஞ்சியில வாசமே இல்ல" என்றாள்.
நல்லவேளை, ரசத்தில் போடவில்லை.
மிச்சத்தில் இரண்டு கண் இருந்தது.

எனக்கு வேலை செனோக்கோவில்.
குளிர்க்கிடங்கு, இரண்டாம் அறை, மூன்று டிகிரி.
யார் யார் ஊர்ப் பனியிலோ விளைந்ததையெல்லாம்
பெட்டி பெட்டியாக நான்தான் அடுக்குகிறேன்,
என் மூச்சுப் புகையை
நானே பார்த்துக்கொண்டு.
அங்கே ஒரு சட்டிக்கு இடமிருக்காதா?

நவம்பர் கடைசியில்
சாப்பாட்டுப் பையில் கொண்டுபோய்
வெண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.
ஹஸ்னா பார்த்துவிட்டாள்.
அன்றிலிருந்து அந்த மூலையில்
ஃபோர்க்லிஃப்டை ஒரு முழம் விலக்கி ஓட்டினாள்.
அதற்கு மேல் பேச்சில்லை.

ஜனவரியில் திரு கோ கண்டுபிடித்தார்.
"இது என்ன சரக்கு?"
மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாத சட்டியை
என்னவென்று சொல்வது?
"தூங்குது சார்."
சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மூன்று பை போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னார்.
பிறகு ஒரு ஸ்டிக்கரில் எழுதி அவரே ஒட்டினார்:
விற்பனைக்கு அல்ல.
வெளியேறும் தேதி பிப்ரவரி 28.

வேலை முடிந்து வெளியே வந்தால்
கண்ணாடியில் ஆவி படரும்,
பேருந்து வருவதற்குள்
விரல்கள் ஒவ்வொன்றாக வலித்து விழிக்கும்.
அந்தக் கண்களுக்கும்
இப்படித்தான் வலிக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச்சில் ஒரு முளை.
சட்டி ஓரமாகக் காலையில் ஆறு ஐஸ்கட்டி வைத்தேன்,
பழைய மின்விசிறியைத் தாழ்வாரத்துக்கு இழுத்தேன்.
இரவுக்கும் ஆறு வைக்க எழுந்துபோனால்
ஐஸ் தட்டு காலி.
சட்டி ஏற்கெனவே ஈரம்.
இரவு ஷிஃப்டுக்குப் போயிருந்தார் மாசிலாமணி.
நான் கேட்கவில்லை.
தட்டில் தண்ணீர் நிரப்பி வைத்தேன்.

ஏப்ரலில் பூத்தது.
ஒற்றைச் செருப்பு.
மஞ்சள், உள்ளே சிவப்புப் பொட்டுகள்,
கட்டைவிரல் நுழையும், அவ்வளவு அகலம்.
எங்கிருந்தோ பதினோரு மாடி ஏறி வந்த
கொசுத்தேனீ ஒன்று உள்ளே விழுந்தது.
தேன் ஒரு துளி கிடையாது அதில்.
வந்த வழி வழுக்கும்;
பின்பக்கச் சந்து ஒன்றுதான் வழி.
முதுகில் பொடி அப்பிக்கொண்டு வெளியே வந்தது,
பூவை ஒருமுறை சுற்றியது,
அடுத்த செருப்பைத் தேடியிருக்கும்.
இந்தத் தீவில் அதற்கு ஜோடி இல்லை.

ஏழு நாள்.
எட்டாம் நாள் முப்பத்து நாலு டிகிரி.
பள்ளிக்கு நேரமாகிவிட்ட மகள்
காலணிக்குள் காலை விட்டு,
ஏதோ உறுத்துகிறதென்று கழற்றி உதறி,
லிஃப்டைப் பிடிக்க ஓடினாள்.

கீழே கிடந்ததை எடுத்து
என்ன செய்வதென்று தெரியாமல்
ஜோடி தவறிய செருப்புகளோடு வைத்தேன்.

அன்றிரவும் ஐஸ் தட்டு காலி.