பதினாலு கல்

ரப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து
பத்தொன்பது வருடம் பழகிய கண் இது.
குலசேகரம் டிப்போவில்
ஒண்ணா, நாலா, ஒட்டுப்பால் விலைக்கா என்று
சாக்பீஸால் நான் எழுதிப் போட்டால்
அதற்குமேல் பேச்சில்லை.

அந்தக் கண்ணோடுதான் போனேன்
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
அந்தக் கண்ணாடிக் கடைக்கு,
ஏழுகல் கம்மல் வாங்க.
சீட்டுப் பணம், போனஸ், விற்ற கன்றுக்குட்டி
எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள்.

கூரை முழுக்க விளக்கு.
அதற்குக் கீழே
என் பிளாஸ்டிக் வளையல்கூட மின்னியது.
அப்போதே பிடி கிடைத்தது.

“வி.எஸ். கல்லு, எஃப் கலர், சர்டிபிகேட் உண்டு”
என்றான் பையன். சட்டையில் அஜின் என்று இருந்தது.
எழுத்து புதிது, சங்கதி பழையது:
உள்ளே குமிழ் உண்டா, துகள் உண்டா,
வெள்ளை வெள்ளைதானா.

வெட்டு மட்டும் நான் அறியாதது.
மேலே விழுந்த வெளிச்சம்
அடிவழியே ஒழுகிப் போகாமல்
திரும்பி வந்து முகத்தில் அடிக்க வேண்டுமாம்.
ஆழம் தப்பிய கல்லை ஒன்று காட்டினான்.
பெரிய கல்தான்.
குளச்சல் சந்தையில் சாயங்காலம் மிஞ்சிய
சாளையின் கண் அது.

“வாசலுக்குக் கொண்டு போவமா தம்பி?”

ஆனி மாதத்து மூடிய வானம்.
மினுக்கத் தெரியாத வெளிச்சம்.
வெள்ளைத் தாளை மடித்து
கம்மலைக் கவிழ்த்து வைத்தேன்.
வலது காது ஏழும்
ஒரே புகைப்புரையில் உலர்ந்தவை.
இடதில், நடுக்கல்லுக்குக் கீழே ஒன்று
வேறு யாரோ வீட்டுப் பால்.
ஒரு சொட்டுக் கட்டன்சாயா கலந்த தண்ணீர்போல.

பதினாலில் ஒன்று.
எனக்குத் தெரியாத வித்தையா?
மேலே இரண்டு அடுக்கு ஒண்ணாம் தரம்,
நடுவில் நாலு,
அடியில் மறுபடி ஒண்ணு.
எத்தனை பொதியை அவிழ்த்திருக்கிறேன்.

அஜின் உள்ளே ஒருமுறை பார்த்தான்.
“அக்கா, எனக்கு இது நேத்தே தெரியும்.
நான் இங்க சம்பளத்துக்கு நிக்கியேன்.”

லென்ஸை மடக்கினேன்.
அந்தச் சொல்லுக்கு
என்னிடம் கோபம் இல்லாமல் போயிற்று.

திற்பரப்பு ரோஸ்லெட்டின் ஷீட்டு,
போன ஐப்பசியில், வெள்ளம் வடிந்த வாரம்.
தேன்நிறம். ஒரு புள்ளி இல்லை.
பின்னால் முதலாளி இருமினார்.
நான் நாலு என்று எழுதினேன்.
ஒரு இருமலுக்கு
கிலோவுக்குப் பதினோரு ரூபாய்.
அவள் சண்டை பிடிக்கவில்லை.
சாக்பீஸ் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு
பேருந்துக்குப் போய்விட்டாள்.

கடையில் நான் சண்டை பிடித்தேன்.
சர்டிபிகேட் நம்பரைச் சரிபார்த்து,
கல்லின் எடை தனி, தங்கத்தின் எடை தனி,
திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம் என்று
பில்லில் எழுத வைத்தேன்.
“இடது, ஒரு கல் மாற்றித் தர வேண்டியது.”
இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.
பாதிப் பணம் கட்டினேன்.
சாயா கொண்டுவந்து தந்தான் அஜின்,
முகத்தைப் பார்க்காமல்.

திங்கள்கிழமை.
மேசையில் ரோஸ்லெட்டின் கட்டு.
ஒன்றை உருவி
ஜன்னலுக்கு நேரே தூக்குகிறேன்.
வெயில் தடையில்லாமல் வந்து
என் கைமேல் மஞ்சளாய் விழுகிறது.
பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம்.

ஷீட்டை இன்னும் இறக்கவில்லை.
கை வலிக்கிறது.
சாக்பீஸ் மற்ற கையில்.