அடையாளச் சீட்டு

நெட்டுக்குப்பம் கரையில் ஒதுங்கியது
பதினேழு அடி என்று அளந்தாயிற்று.
மாநகராட்சி ஜேசிபி குழி தோண்டி முடித்து
டீசல் தீர உறுமிக்கொண்டிருந்தது.

மண்டையோடு வேண்டும் என்றார் ஆராய்ச்சி மேடம் தபித்தாள்.
எலும்பு அறுக்க ஆள் தேடி
ஸ்டான்லி பிணவறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
மனிதருக்கான ரம்பம்.
மூன்று பிளேடு முறிந்தது.

கொக்குபோல் நீண்ட அலகு.
கீழ்த்தாடையில் இரண்டே பல்,
புளியங்கொட்டையைப் பெரிதாக்கி நட்டாற்போல.
அவர் அதைத் தடவித் தடவிப்
புத்தகத்தைப் புரட்டினார், மூடினார், மறுபடி புரட்டினார்.
அனல்மின் நிலையச் சாம்பல் பக்கங்களில் படிந்தது.

வயிற்றில் கணவாய் அலகுகள், இரண்டு படி தேறும்.
"வெளிச்சமே போகாத ஆழம்ணே, அங்கதான் இதுக்குச் சாப்பாடு."
ஏட்டு 'பெரிய மீன்' என்று எழுதி
மேடம் முறைத்ததும் அடித்தார்.

பழக்கதோஷத்தில் நானும் ஒரு சீட்டு எழுதிக் கட்டினேன்:
ஆண். வயது தெரியாது.
உரிமை கோர யாருமில்லை.

காசிமேட்டு ஐஸ் நிரப்பிய பெட்டியில்
தலை வண்டியேறியது.
மிச்சம் குழிக்கு.

எட்டு மாதம் கழித்துப் போன்.
தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லையாம்.
"புதுசா மேடம்?"
"இருக்கலாம். உறுதியாச் சொல்ல, பேர் வைக்க,
இன்னொண்ணு கிடைக்கணும்."
குரலில் அத்தனை ஆசை.

நைட் ஷிப்டுக்குப் போகிற வழி,
எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தினேன்.
துறைமுக விளக்குகளுக்கு அப்பால்
கறுப்பு.
அங்கேயே இரு என்றேன்,
பேர் கிடக்குது, இந்தப் பக்கம் வராதே.

பையில் புது பிளேடு மூன்று,
உறை பிரிக்காமல்.