நாற்பது நொடி

குலசேகரம் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஸ்டெர்வின் கடையில் சிடி வாடகை
நாளுக்குப் பத்து ரூபாய்.
உறை இல்லை. மார்க்கரில் ‘கொரியா 3’ என்று மட்டும்.
“எழுத்து கொஞ்சம் பிந்தித்தான் வரும், பாத்துக்கோ.”

கொஞ்சமில்லை, நாற்பது நொடி.

மழையில் ஒருத்தி குடையை மடக்குகிறாள்.
கதவு திறக்கிறது. விழுகிறாள்.
அசையாத அவள் வாய்க்குக் கீழே
அப்போதுதான் வருகிறது: யார் நீ?

போலீஸ்காரன் நூடுல்ஸ் உறிஞ்சும்போது
முந்தின காட்சியில் அழுதவனின் வாசகம்.
கல்யாண வீட்டுச் சிரிப்புக்கு அடியில்
பிரேதப் பரிசோதனை அறிக்கை.
என் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷுக்கு
அந்தத் தாமதம் வசதியாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குப் பாதியில் நிறுத்தி
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பால்வெட்டப் போனேன்.
நாற்பத்திரண்டாவது மரம். கத்தி பட்டையில் இருக்கிறது.
கீழே சானலில் ஒருத்தன்
ஆட்டோவின் பின்சீட்டைக் கழற்றிக்
கழுவிக்கொண்டிருந்தான்.
ஆளைத் தெரியும்.
விளக்கை அணைத்தது நான்தான்.

வியாழக்கிழமை எஸ்.ஐ. வந்தார்.
ஷீட் அடிக்கிற மெஷினில் கைவைத்தபடி,
“அன்னைக்கு ராத்திரி யாரையாவது கண்டியாடே?”

“இல்ல சார்.”
படத்தில் எவனும்
இத்தனை வேகமாகப் பதில் சொல்லவில்லை.

ஜீப் ரோடேறித் திரும்பியது.
சத்தம் ரப்பர் தோட்டத்துக்குள் அமுங்கியது.
ஆசிட் ஊற்றிய பால்
ஓரத்திலிருந்து உறையத் தொடங்கியபோது
வந்தது,
மூடியிருந்த என் வாய்க்குக் கீழே,
மஞ்சள் எழுத்தில்:
ரசலையன்.

சிடியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
நாளுக்குப் பத்து ரூபாய்.