நான்காம் இயக்கி

வின்னிபெக். பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே கணினிக்கு மட்டும் மாறாத இளவேனில்.
காற்று வறண்டால் நாடாவில் பொறி தெறிக்கும் என்று
ஹால்டோரா வாளியில் நீர் வைத்து
ஈரத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள்.
கம்பெனிக் கையேட்டில் துண்டு பற்றி ஒரு வரியும் இல்லை.

ரீலின் முதுகைத் தடவி
மஞ்சள் வளையம் இருக்கிறதா பார்க்கிறாள்.
வளையம் இருந்தால்தான் எழுதலாம்.
பஞ்சில் ஆல்கஹால் தொட்டு இயக்கியின் தலையைத் துடைக்கிறாள்,
பழுப்பாய் வருகிறது.
துரு. நாடா என்பதே
பிளாஸ்டிக்கில் பூசிய துருதானே.

சோதனை எளிது.
இரண்டாயிரத்து நானூறு அடிக்கும்
ஒன்று ஒன்று ஒன்று என்றே எழுது.
திரும்பி வா. வாசி.
எட்டுத் தடத்தில் சேதி,
ஒன்பதாவது தடம் சாட்சி:
மொய்ப்பணம் மாதிரி
கூட்டினால் ஒற்றைப்படையில் முடிய வேண்டும்.

முதல் இயக்கி, பிழை இரண்டு.
இரண்டாவது, சுழி.
மூன்றாவதில் ஒரே இடத்தில் ஏழு. யாரோ
நாடாவைத் தொட்ட கையால் டோனட்டும் தின்றிருக்கிறார்கள்.
நான்காவது, சுழி.
எப்போதும் சுழி.
நான்கு வருடமாய் ஒரு தப்பும் செய்யாத இயக்கி.

அதுதான் அவளை உறுத்தியது.
நான்காவது எழுதியதைக் கழற்றி
இரண்டாவதில் மாட்டினாள்.
அச்சுப்பொறி அலறத் தொடங்கி
நிற்கவே இல்லை.

தலை கோணல்.
தலைமுடி அகலம்கூட இராது.
கோணலாய் எழுதி, அதே கோணலில் வாசித்து,
தன்னைத் தானே சரி என்று
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

காலையில் வாக்னியாக் வந்தார்,
அலைகாட்டியும் ஆதார நாடாவும் தூக்கிக்கொண்டு.
"பழைய ரீல்களை முதலில் நகல் எடுத்துவிடலாமே" என்றாள்.
"தண்டர் பே விமானம் பன்னிரண்டுக்கு" என்றார்.
திருகினார். நேராக்கினார். கையெழுத்திட்டார்.

இரவில் கேட்டார்கள், இலையுதிர்காலக் கொள்முதல் கணக்கை.
பதினொரு ரீல்.
எல்லாம் நான்காவது எழுதியவை.
இப்போது நான்கில் எதற்கும் புரியவில்லை.
டாஃபின் பக்கத்து ஸ்டெஃபானிக்
இறக்கிய நானூற்றுப் பன்னிரண்டு புஷல் பார்லி
அந்தப் பழுப்பு நாடாவில்தான் இருக்கிறது,
ஒரு பருக்கை கெடவில்லை.
வாசிக்கத் தெரிந்த ஒரே கோணலை
இன்று காலைதான் திருத்தியிருந்தார்கள்.

தொலைபேசியில் ஓட்டல் அறை. தூக்கக் குரல்.
"நீங்கள் அந்தத் திருகைத் தொடவே கூடாது.
உங்களுக்கு அனுமதி கிடையாது."
மௌனம். படுக்கை கிறீச்சிட்டது.
"இடப்பக்கம் கால் சுற்று."

கால் சுற்று. பிழை தொள்ளாயிரம்.
"இன்னும் ஒரு மயிரிழை."
அறுநூறு.
"மூச்சை விடாதீர்கள்."
நாற்பது.
திருகாணியின் மேல் அவள் விரல் நடுங்கியதில்
பதினாறு, பிறகு
சுழி.

குழல்களுக்குள் நாடா விழுந்து எழுந்து விழுந்து ஓட,
கோதுமை, ஓட்ஸ், பார்லி,
கடன், பாக்கி, பெயர்கள்
கோணலிலிருந்து நேருக்கு
ஒவ்வொரு ரீலாய் இடம் மாறின.
நாலரை மணி ஆயிற்று.
அவர் வைக்கவில்லை. பாதியில்
குறட்டை மட்டும் கேட்டது.

அவரை எழுப்பாமல் ஆதார நாடாவை மாட்டி
அவளே திரும்ப நேராக்கினாள்.
பதிவேட்டில் ஒரே வரி:
நான்காம் இயக்கி. பிழை சரி.

எழுதிய பின்
அந்த இரண்டு சொல்லையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அடிக்கவில்லை.
துண்டு காய்ந்துவிட்டிருந்தது.